செஞ்சிக்குப் போகப் பூக் கேட்டது

இடிந்துபோன கோட்டை ஒன்றைப் பார்க்க ஒரு முழு நாளைச் செலவழிக்கலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் நான்கு நாள் வழக்கு நடந்தது. புதுக் கிணறு வெட்டியபோதுகூட அத்தனை பேச்சு நடக்கவில்லை. வழக்கைத் தொடுத்தவர் என் அம்மாவின் அண்ணன். எதிர்வழக்காடியவர் என் அப்பாவைப் பெற்ற அப்பாரு. தீர்ப்புச் சொன்னது எங்கள் தோட்டத்துக் கன்னிமார் சாமி. அந்தத் தீர்ப்பில் கள்ளத்தனம் செய்தவள் ஒன்பது வயதான நான். இப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து இரண்டு மைலில் எங்கள் தோட்டம். மஞ்சளும் சோளமும் விளையும். மாமா லாரி ஓட்டினார். நாமகிரிப்பேட்டை மண்டியில் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆத்தூர், திருவண்ணாமலை, செஞ்சி வழியாக மெட்ராஸ் போவார். திரும்பி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். மாமா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியிலும் பாதியை நம்பினால் போதும் என்பது அப்பாருவின் கொள்கை.

அந்த ஆடி மாதம் ஒருநாள் மாமா சோற்றைப் பிசைந்தபடியே பேச்சை எடுத்தார். செஞ்சியில் மூன்று மலை, மூன்றிலும் கோட்டை, கீழே அடுக்கடுக்காக எழுந்த மாளிகை, யானை குளிக்கக் குளம், ராணி நீராட வேறொரு குளம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வரை பாதி லோடுதான் போகிறது. அம்மாவையும் அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார்.

அப்பாரு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, இடிஞ்ச செவுத்தப் பாக்கறதுக்கா அத்தன தூரம்? நாமக்கல்லு மலை மேல இல்லாத கோட்டையா? காலையில ஏறி எறங்குனா மத்தியானச் சோத்துக்கு ஊடு வந்து சேந்தரலாம்."

"நாமக்கல்லுல யானைக் கொளம் இருக்குதுங்களா?"

"யானையே இல்லாத ஊருல யானைக் கொளம் எதுக்கு?"

இப்படியே போனது. சங்ககிரி மலையைச் சொல்லிப் பார்த்தார் அப்பாரு. அது கிட்டத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார் மாமா. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருந்ததை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் மாமா என்னைப் பிடித்தார். "கொழந்த படிக்கறா. புஸ்தகத்துல இருக்கறத நேருல பாத்தா மண்டையில நிக்குமில்லீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வகுப்பில் மணியகாரர் மகள் மெட்ராஸ் போய்ச் செத்த காலேஜும் உயிர் காலேஜும் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதமாக எங்களை வதைத்துக்கொண்டிருந்தாள். செத்த மிருகங்களைப் பாடம்செய்து கண்ணாடிக்குள் வைத்திருப்பது செத்த காலேஜாம். உயிரோடு கூண்டில் அடைத்திருப்பது உயிர் காலேஜாம். அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு ராணியும் ஒரு குளமும் அவசரமாகத் தேவைப்பட்டன. என் படிப்பின் மேல் மாமாவுக்கு இத்தனை அக்கறையா என்று உருகிப்போனேன்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அத்தை அப்பாவுக்கு இளையவள். பதினெட்டு வயதில் கல்யாணம். அந்த வருடமே அவள் வீட்டுக்காரர் தன் அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு, வடக்கே போகிறேன் என்று சொல்லிப் போனவர் போனவர்தான். கடுதாசி இல்லை, ஆள் மூலம் ஒரு சொல் இல்லை. அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. எனக்கு எண்ணெய் தேய்த்து, சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அத்தைதான். தினமும் காலையில் குளித்து முகம் கழுவிக் குங்குமம் இட்டுக்கொள்வாள். உள்வீட்டுச் சுவரில் அவர்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. அத்தை நிற்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முழங்கால் மேல் வைத்த வலது கையில் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கும். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தபோது வடக்கயிற்றில் சிக்கி நரம்பு போய்விட்டதாம். சடை பின்னி முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் போட்டோவைத்தான். அந்த விரல் எனக்கு மனப்பாடம்.

பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாதவனை இறந்தவனாக வைத்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஆடியோடு பன்னிரண்டு முடிந்திருந்தது. வருகிற அமாவாசைக்கு மோகனூர் போய்க் காவேரிக் கரையில் செய்துவிடுவது என்று அப்பாரு ஒற்றைக்காலில் நின்றார். "செத்தவன் பசியோட அலையக் கூடாது. அது நம்ம குடிக்கு ஆகாது" என்பார். அத்தை ஒரே பதிலைத்தான் சொல்லுவாள்: "அவுரு இருக்கறாருங்கப்பா." காரியம் நடந்தால் அவள் குங்குமம் போகும், வளையல் போகும், வெள்ளைச் சீலைக்கு மாற வேண்டும். முப்பது வயது அவளுக்கு. அப்பாருக்கும் இது தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்கு வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதற்கு முன்னால் மகள்கூடப் பிறகுதான்.

அத்தைக்குத் தலை மேல் இப்படிக் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும்போது, கோட்டை பார்க்கப் போகலாமா என்று இவர்கள் பேசுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம்கூடத் தோன்றவில்லை. அம்மாவும் அத்தையும் கிணற்றடியில் குசுகுசுவென்று பேசுவதும், நான் போனதும் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல நிறுத்திக்கொள்வதும் அந்த நான்கு நாளாக நடந்தது. கட்டுச்சோற்றுக்குப் புளியா எலுமிச்சையா என்று பேசுகிறார்கள் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் அப்பாரு களைத்துப்போனார். "செரி, பூக் கேட்டுரலாம்" என்றார்.

எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டு வைத்திருக்கும். அதுதான் கன்னிமார். மாடு வாங்க, பெண் கொடுக்க, கிணற்றுக்கு இடம் பார்க்க எல்லாவற்றுக்கும் அங்கேதான் பூக் கேட்பது. ஓர் இலையில் வெள்ளைப் பூ, ஓர் இலையில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். பிரித்துப் பார்த்தால் கண் போய்விடும்.

எடுக்கிற குழந்தை நான். பொட்டலம் கட்டுவது அத்தை. வீட்டில் பூப் பறிப்பது, சாமிக்குத் தொடுப்பது எல்லாம் அவள் வேலைதான். வெள்ளிக்கிழமை காலையில் தட்டு நிறைய வெள்ளரளியும் செவ்வரளியும் பறித்துவந்து உள்வீட்டில் உட்கார்ந்தாள். நானும் ஒட்டி உட்கார்ந்தேன். முதல் பூவரச இலையில் வெள்ளரளி வைத்து வாழைநாரால் கட்டினாள். அவள் அடுத்த இலையைத் துடைக்கக் குனிந்த நேரத்தில், கட்டிய பொட்டலத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஒரு பிறை போட்டுவிட்டேன்.

"இன்னொரு நார் கொண்டா சாமி" என்று என்னைக் கொஞ்சலாக அனுப்பினாள் அத்தை. கிணற்றடி வாழைக்கு ஓடி நாரோடு வருவதற்குள், இருந்த நாரையே இரண்டாகக் கிழித்து மற்றதையும் கட்டி முடித்திருந்தாள்.

கன்னிமார் முன்னால் அப்பாரு இரண்டையும் வாங்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்துக் கலைத்து வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வெகு பக்தியாக ஒரு கும்பிடு போட்டேன். மூடின கண்ணின் இடுக்கு வழியே பிறையைத் தேடினேன். எடுத்துக் கொடுத்தேன். அப்பாரு பிரித்தார். வெள்ளை.

மாமா கையைத் தட்டினார். அம்மா "கன்னிமாரே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை மட்டும் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாரு மற்றப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து வாய்க்காலில் விட்டுவரச் சொன்னார்.

வாய்க்காலில் நாலைந்து செவ்வரளிப் பூக்கள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றேன். சாமியை ஏமாற்றியவள் சாமிப் பூவைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பிரித்துப் பார்க்கவும் பயம். கடைசியில் விடாமலும் பிரிக்காமலும் கொண்டுபோய் என் பள்ளிக்கூடத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூப்பிடும்போதே கிளம்பிவிட்டோம். ஆடிப் பட்டத்து விதைப்பு என்று அப்பா வரவில்லை. அப்பாரு வருவாரா? "போய்ச் செவுத்த எண்ணிட்டு வாங்க" என்று வழியனுப்பினார். முன்னால் கேபினில் மாமாவோடு அம்மாவும் அத்தையும் நானும். பின்னால் மஞ்சள் மூட்டைகள். ஆத்தூர் தாண்டி, கள்ளக்குறிச்சி தாண்டி, வெயில் ஏறி, கட்டுச்சோற்றை ஒரு சாவடியில் தின்று, மறுபடி ஏறி, திருவண்ணாமலை மலையை வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, செஞ்சி போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டியிருந்தது. எங்கள் சீலை பாவாடையெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

எனக்கு விழுந்த முதல் அடி கோட்டைதான். கோட்டை என்றால் உள்ளே ஜமுக்காளம் விரித்திருக்கும், விளக்குத் தொங்கும், ஒரு ராணி இல்லாவிட்டாலும் ராணியின் கட்டிலாவது இருக்கும் என்று நம்பி வந்தவள் நான். அங்கே இருந்தது கல். கல்லுக்கு மேல் கல், கல்லுக்கு நடுவில் முள். கூரை இல்லாத மண்டபத்தில் ஆடு படுத்திருந்தது. மாளிகை என்னவோ அடுக்கடுக்காகத்தான் நின்றது, ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் வௌவால். ராணி குளித்த குளத்தில் பாசி. என் படிப்பின் மேல் அக்கறை கொண்ட மாமாவை எரித்துவிடுவது போலப் பார்த்தேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அத்தையும் கோட்டையைப் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்து, புதிதாகக் குங்குமம் இட்டுக்கொண்டு நின்றாள். "அதா, அந்தப் புளியமரத்தடியில பாருங்க அம்மிணி" என்றார் மாமா.

புளியமரத்தடியில் ஒரு கோலிசோடா வண்டி நின்றது. பனையோலைத் தடுக்கு ஒன்று பின்னால் மறைப்பாகக் கட்டியிருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மாவும் மாமாவும் பத்தடி பின்னாலேயே நின்றுவிட்டார்கள். சோடாக்காரர் தலை நரைத்தவர். எங்கள் பக்கம் முதுகு காட்டி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் வந்த நிழல் தெரிந்து, திரும்பிப் பார்க்காமலே ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். பாட்டிலைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது.

சுவரில் மாட்டிய போட்டோவில் இருப்பவர்கள் எல்லாம் செத்தவர்கள் என்றே நான் அதுவரை வைத்திருந்தேன். ஆள் யாரென்று தெரிந்ததும் கத்தினேன்: "அத்தே! நம்ம ஊட்டுப் போட்டோவுல இருக்கற மாமா!"

பாட்டில் அவர் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. சோடா நுரைத்து அவர் பாதத்தில் வழிந்தது. அவர் திரும்பினார். அத்தையைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார், கீழே பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் பேசிய முதல் வார்த்தையை நான் இன்றும் நம்ப முடியாமல்தான் நினைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் எப்படிக் கேட்பார்களோ அப்படியே கேட்டார்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங்க" என்றாள் அத்தை.

"ஊட்டுல எல்லாரும் சவுக்கியமா?"

"இருக்கறாங்க. அப்பா உங்களுக்குக் காரியம் பண்ணோணும்னு நிக்கறாருங்க. வார அமாவாசைக்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எதிரில் நிற்கிற ஆளிடமே உனக்கு எழவுக் காரியம் என்று ஒருத்தி சொல்லுகிறாள். அவரும் ஏதோ சந்தைக்கு நாள் குறித்தது போலக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "பண்ணிப்போடச் சொல்லு" என்றார் மெதுவாக. அதற்குள் தடுக்குக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. "அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லீராத" என்றார் அவசரமாக.

இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் கையில் ஒரு பெண்குழந்தையுமாக ஒருத்தி வந்தாள். அத்தையைவிடச் சிறியவள். உடைந்த பாட்டிலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "இன்னாயா, யாரு இவங்க? உன் ஊரு சனமா?"

அத்தைதான் சொன்னாள். "ஆமாங்க. ஒரே ஊருங்க. கோட்டை பாக்க வந்தோம்."

"அய்ய, இந்தக் கல்லப் பாக்கவா அம்மாந்தூரத்துலேந்து வந்தீங்க?" என்று அந்தப் பெண் கள்ளமில்லாமல் சிரித்து, ஒரு சாக்கை உதறிப் போட்டாள். "குந்தும்மா."

அத்தை உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நாலைந்து வயது இருக்கும். தலை எண்ணெய் காணாமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது. அத்தை அவளை இழுத்து மடிக்கு முன்னால் உட்காரவைத்து, தன் துணிமூட்டையிலிருந்து சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். வலிக்காமல், நுனியிலிருந்து, எனக்கு எடுப்பது போலவே. சிக்கெடுத்து இரட்டைச் சடை பின்னினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, என் சடையில் இருந்த சிவப்பு ரிப்பனை உருவி அந்தக் குழந்தைக்குக் கட்டிவிட்டாள். நான் திகைத்துப்போய் நின்றேன். அத்தை எனக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று தோன்றியது. சோடாக்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுதது எனக்குத் தெரிந்தது. ஆனால் ரிப்பன் போன ஆத்திரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புறப்படும்போது அந்தப் பெண் எனக்கு ஒரு சோடா கொடுத்தாள். குடித்தேன். மூக்கில் ஏறியது.

திண்டிவனம் போய் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மாமா குமுறினார். "நாளைக்கே ரெண்டு லாரி ஆளோட வந்து அந்த நாயத் தூக்கிட்டு வந்தர்றேன் பாருங்க" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"தூக்கிட்டு வந்து என்ன பண்றதுங்க? கட்டிப் போட மாடுங்களா?" என்றாள் அத்தை.

"கூட்டிட்டு வந்ததே தண்டமாப் போச்சுங்க. நான் சொல்லாமயே இருந்திருக்கோணும்."

"தண்டமில்லீங்க" என்றாள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கே பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கன்னிமார் மேல் சத்தியம் வாங்கினாள். ஏற்கெனவே கன்னிமாருக்கு நான் ஒரு குற்றவாளி. ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வீடு வந்தது எனக்குத் தெரியாது, தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் அப்பாரு பல்குச்சியோடு வந்து உட்கார்ந்தார். நான்கு நாள் நடத்தித் தோற்ற வழக்கை ஜெயிக்கிற ஆசை முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "என்ன சாமி, அத்தன தூரம் போனதுக்குப் பலன் உண்டா?"

அத்தை பால் கறந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து நின்றாள். "நீங்க சொன்னதுதான் செரிங்கப்பா. நம்ம நாமக்கல்லு மலையே போதும். அங்க ஒண்ணுமே இல்லீங்க." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அமாவாசைக்கு அந்தக் காரியத்தச் செஞ்சுருங்க."

அப்பாரு வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. அப்பா மண்வெட்டியோடு அப்படியே நின்றார். பன்னிரண்டு வருடமாக அவர் செத்துப்போனார் என்ற பேச்சே எடுக்கவிடாதவள் அவள். எனக்கோ தலை சுற்றியது. லாரியில் தண்டமில்லை என்றவள் இங்கே ஒன்றுமில்லை என்கிறாள். இருக்கிறவரை இல்லை என்கிறாள். எது பொய்? வழக்கம் வழக்கம் என்று குதித்த அப்பாரு அன்று முழுக்கச் சோறு உண்ணவில்லை. மாட்டுத்தொழுவத்தில் போய்க் குந்திக்கொண்டு, எட்டிப் பார்த்த என்னைக் கல்லெடுத்து விரட்டினார்.

ஆடி அமாவாசையன்று மோகனூரில் காவேரி இரு கரையும் தொட்டு ஓடியது. தர்ப்பையால் ஓர் ஆள் உருவம் செய்து கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ராசா, வடக்கே போன ராசா என்று அவர்கள் அழ அழ எனக்கு வாய் அடங்கவில்லை. "அந்த மாமா அங்க சோ..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டுபோய் ஒரு மரத்தடியில் உட்காரவைத்தாள்.

பெண்கள் அத்தையைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார்கள். வளையல் உடையும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது வெள்ளைச் சீலையில் யாரோ ஒருத்தி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது நான் அலறிவிட்டேன். இதெல்லாம் என்னால்தான். நான் நகம் போட்டு வெள்ளையை எடுக்காமல் இருந்தால் செஞ்சிக்குப் போயிருக்க மாட்டோம், அத்தை இப்படி ஆகியிருக்க மாட்டாள். சாமி சிவப்பைத்தான் தர நினைத்திருக்கும்.

அந்த மற்றப் பொட்டலத்தைப் பாவாடைச் செருகில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன், காவேரியில் விட்டு மன்னிப்புக் கேட்க. கண் போனால் போகட்டும் என்று படித்துறையின் ஓரத்தில் உட்கார்ந்து நாரைப் பிய்த்தேன். இலை சருகாகியிருந்தது. உள்ளே பூக்கள் வாடிச் சுருங்கிக் கிடந்தன. சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. எல்லாம் வெள்ளரளி.

பின்னால் நிழல் விழுந்தது. அத்தை. ஈரத்தலையோடு குனிந்து என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "அத்தே, செவப்புப் பூவெல்லாம் வெள்ளையாப் போச்சு" என்று தேம்பினேன். அன்றைக்குச் சிவப்பெல்லாம் வெள்ளையாகிற நாள், சாமி என்மேல் உள்ள கோபத்தில் அப்படிச் செய்கிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். குங்குமம் அழித்து ஒரு நாழிகைகூட ஆகாத ஒருத்தி, ஒப்பாரிச் சத்தம் இன்னும் ஓயாத கரையில், வாய்விட்டுச் சிரித்தாள். பூக்களை என் கையிலிருந்து வாங்கித் தண்ணீரில் விட்டு, "உன்ற கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது சாமி, பயப்படாத" என்று என் முகத்தைத் தன் வெள்ளை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பொட்டலம் இரண்டையும் கட்டியவள் அவள். வாய்க்காலில் செவ்வரளி மிதந்து போனதைப் பார்த்தவள் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.